அடக்கவிலை இல்லாத சொத்து: இந்தியாவில் தொழில் விற்பனையும் மூலதன ஆதாய வரியும்

பல ஆண்டுகள் நடத்திய கடையை ஒருவர் கைமாற்றிவிடும்போது சரக்கு, தளவாடம், கட்டடம் ஆகியவற்றோடு கடையின் பெயரும் விலைபோகிறது. மற்றவற்றுக்கு ரசீதும் கிரயப் பத்திரமும் உண்டு. பெயருக்கு எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை இந்திய வரிச் சட்டம் எப்படிக் கையாண்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

லியாகத் அலி கானின் 1947 வரவுசெலவுத் திட்டத்தில் மூலதன ஆதாய வரி முதன்முதலாக வந்தது. 1948 மார்ச்சுக்குப் பிந்தைய விற்பனைகளுக்கு அது கைவிடப்பட்டது. பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டரின் 1956 அறிக்கையை அடுத்து, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது மீண்டும் வந்து, 1961 வருமான வரிச் சட்டத்தின் 45ஆம் பிரிவாக நிலைபெற்றது.

பெயரின் மதிப்பை, அதாவது நன்மதிப்பை (goodwill), பற்றிய கேள்வியை எழுப்பியது பெங்களூரின் ஊதுபத்தி நிறுவனம் ஒன்று. 1965 இறுதியில் அக்கூட்டு நிறுவனம் கலைக்கப்பட்டபோது அதன் நன்மதிப்பு 1,50,000 ரூபாயாக மதிப்பிடப்பட்டு, புதிய கூட்டு நிறுவனத்திடம் சென்றது. அத்தொகைக்கு வரி உண்டு என்றது வருமான வரித் துறை. சீனிவாச செட்டி வழக்கு என அறியப்படும் இதில் 1981இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆதாயம் என்பது விற்ற விலையிலிருந்து அடக்கவிலையைக் கழித்து வருவது. தானாக வளர்ந்த நன்மதிப்புக்கு அடக்கவிலை இல்லை. அது எந்த நாளில் கைக்கு வந்தது என்றும் சொல்ல முடியாது. கணக்கிட வழியில்லாத இடத்தில் வரி விதிக்கும் பிரிவும் பாயாது என்றது தீர்ப்பு. ஒரு பெயர் உருவாகும் விதத்தை இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்ட வரித் தீர்ப்புகள் குறைவு.

நாடாளுமன்றத்தின் மறுமொழி 1987 நிதிச் சட்டத்தில் வந்தது: விலைகொடுத்து வாங்காத நன்மதிப்பின் அடக்கவிலை சுழியம் என்று எழுதிவைத்துவிட்டது. வந்த தொகை முழுதும் ஆதாயமாயிற்று. 1994இல் வாடகை உரிமை, 1997இல் உற்பத்தி உரிமை, 2001இல் வணிகச் சின்னம், 2002இல் தொழில் நடத்தும் உரிமை என ஒவ்வொன்றாக அதே விதிக்குள் வந்தன. விளம்பரச் செலவும் கூலியும் ஆண்டுதோறும் கழிக்கப்பட்டுவிட்டன; ஆகவே சுழியம் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் பணவீக்கத்துக்கு அதில் இடமில்லை. இராஜா செல்லையா குழுவின் இடைக்கால அறிக்கையைத் தொடர்ந்து 1992இல் வந்த பணவீக்கக் குறியீடு, அடக்கவிலையைப் பெருக்கித் தந்த சலுகை. சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியமே.

இதைவிடக் கடுமையானது சொந்தக் கட்டடத்தில் தொழில் செய்தவரின் நிலை. கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்திருந்தால், 50ஆம் பிரிவின்படி அதன் ஆதாயம், முப்பது ஆண்டு வைத்திருந்தாலும், குறுகிய கால ஆதாயமே. குறியீடு கிடையாது, வழக்கமான வரி விகிதம். நிலத்துக்குத் தேய்மானம் இல்லாததால் அதன் பங்கை மட்டும் தனியே பிரித்து நீண்ட கால ஆதாயமாகக் காட்டலாம். பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்கு விட்டவரோ தேய்மானம் கோராததால் முழு ஆதாயத்துக்கும் குறியீட்டுச் சலுகை பெற்றார். தேய்மானத்தால் முன்பு வரி குறைந்தது உண்மைதான். ஆனால் நிலை மாற்றத்தின் அளவு அந்தச் சலுகைக்கு ஈடானதல்ல என்பது என் கருத்து. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம், இந்தக் குறுகிய காலப் புனைவு கணக்கீட்டுக்கு மட்டுமே, மறுமுதலீட்டு விலக்கை அது பறிக்காது என்றது ஓரளவு ஆறுதல்.

முழுத் தொழிலையும் ஒரே தொகைக்கு விற்றால் நிகர மதிப்பையே அடக்கவிலையாகக் கொள்ளும் 50பி பிரிவு 1999இல் சேர்ந்தது. கிரயத் தொகை பத்திரப்பதிவுக்கான மதிப்பைவிடக் குறைந்தால் பின்னதையே விலையாகக் கொள்ளும் 50சி, 2002 நிதிச் சட்டத்தில் வந்தது. அது செல்லும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது.

2024 ஜூலை 23இல் குறியீடு நீக்கப்பட்டு, நீண்ட கால ஆதாயத்துக்கான விகிதம் 20இலிருந்து 12.5 விழுக்காடாயிற்று. குறியீட்டால் எதையும் பெற்றிராத நன்மதிப்புக்கு இது முழு இலாபம். அந்நாளுக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்தை விற்கும் உள்நாட்டுத் தனிநபர்களுக்குப் பழைய முறை வரியே உச்சவரம்பாக நீடிக்கிறது. தேய்மானம் கழித்த கடைக் கட்டடத்துக்கு மட்டும் இந்த மாற்றங்களில் எதுவும் எட்டவில்லை.