கழுவாய் தேடிய காவலர்கள்



தவறு செய்த ஒருவன் திருந்த விரும்பினால், அவன் திரும்பி வருவதற்கு வழி உண்டா? காவல் துறையைப் பற்றிய அதிரடித் திரைப்படங்கள் பலவற்றின் அடியில் இக்கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. மனம் களைத்துப் போன ஒரு காவலர், அவருடைய பழைய வாழ்வில் ஒரு கறை, அதைக் கழுவிக்கொள்ள இறுதியாக ஒரு வாய்ப்பு. இந்தக் கதையை நம் மாணவர்களும் ஏதோ ஒரு மொழியில் பார்த்திருப்பார்கள்.

நாற்பது வயதைக் கடந்த என் தலைமுறையினர் பலர் இக்கதையை முதலில் அறிந்தது ஹாங்காங் படங்களின் வழியாகத்தான். சீன மொழி புரியாவிட்டாலும், திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளைப் படித்துக்கொண்டே வீடியோ நாடாக்களில் அப்படங்களைப் பார்த்தோம். அந்த ஹாங்காங்கில், திரைக்கு வெளியே, ஒரு காவல் துறை முழுவதுமே கழுவாய் தேட வேண்டிய நிலை ஒருகாலத்தில் இருந்தது. அவ்வரலாற்றை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தேநீர்க் காசு

1960களில் ஹாங்காங் பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. வீடு, மருத்துவம், பள்ளி என எதுவும் போதவில்லை. பற்றாக்குறை இருக்குமிடத்தில் கையூட்டு வேர்விடுவது இயல்பு. நோயாளியை ஏற்றுவதற்கு முன் அவசர ஊர்தி ஊழியர்கள் காசு கேட்டார்கள். மருத்துவமனையில் ஒரு குவளைத் தண்ணீருக்கும் பணிப்பெண்ணுக்குக் காசு தர வேண்டியிருந்தது. தீ எரிந்துகொண்டிருக்கும்போதே, குழாயைத் திறக்கத் தீயணைப்பாளர் காசு கேட்ட கதைகளும் உண்டு. இதற்கு மக்கள் வைத்த பெயர் 'தேநீர்க் காசு'. நம் நாட்டில் 'காப்பிக் காசு' என்று சொல்வோமே, அதேதான்.

காவல் துறையில் இது ஓர் ஒழுங்கான அமைப்பாகவே இயங்கியது. சூதாட்டக் கூடங்களும் போதைப்பொருள் கும்பல்களும் செலுத்திய பணம் மேல்மட்டம் வரை பங்கிடப்பட்டது. அந்நாளைய காவலர்கள் இதனை ஒரு பேருந்துக்கு ஒப்பிட்டார்கள். விரும்பினால் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். விருப்பமில்லை என்றால் பக்கத்தில் ஓடி வரலாம். அதற்கு முன்னால் மட்டும் போய் நிற்கக்கூடாது!

இந்த ஒப்புமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பணியில் சேரும் இளைஞர் ஒருவர் நேர்மையாக இருக்க விரும்பினாலும், கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் ஓடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. ஊழலை விசாரிக்கும் பிரிவோ காவல் துறைக்குள்ளேயே இருந்தது. முறையிட விரும்பியவர் அதே பேருந்தின் ஓட்டுநரிடம்தான் முறையிட வேண்டியிருந்தது.

தப்பியோடிய அதிகாரி

1973ஆம் ஆண்டில் பீட்டர் கோட்பர் என்னும் மூத்த காவல் அதிகாரியின் மீது விசாரணை நடந்தது. அவரிடம் இருந்த சொத்தின் மதிப்பு 43 இலட்சம் ஹாங்காங் டாலருக்கும் மேல். அவ்வளவு செல்வம் எப்படி வந்தது என்று விளக்கம் கேட்கப்பட்ட சில நாள்களில், ஜூன் 8ஆம் நாள், தம்முடைய காவல் துறை நுழைவட்டையைக் காட்டி விமான நிலையச் சோதனைகளைக் கடந்து அவர் நாட்டை விட்டே வெளியேறிவிட்டார். சிங்கப்பூர் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

மக்கள் கொதித்தெழுந்தார்கள். கோட்பரைப் பிடித்து வரும்படி விக்டோரியா பூங்காவில் திரண்டு குரல் எழுப்பினார்கள். ஆளுநர் முர்ரே மெக்லிஹோஸ், காவல் துறைக்கு வெளியே ஒரு தனி அமைப்பு வேண்டும் என்று முடிவு செய்தார். 1974 பிப்ரவரி 15ஆம் நாள் ஊழல் தடுப்புச் சுதந்திர ஆணையம் தோன்றியது. அது நேரடியாக ஆளுநருக்கே பொறுப்பானது. சிங்கப்பூர் 1952லேயே இதைப் போலக் காவல் துறைக்கு வெளியே ஓர் ஊழல் புலனாய்வுப் பிரிவை அமைத்துவிட்டது என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

1975 ஜனவரியில் கோட்பர் ஹாங்காங்கிற்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டார். அவருக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்கு எதிரான முதன்மைச் சாட்சிகளுள் ஒருவர் ஏர்னெஸ்ட் ஹண்ட். அவரும் ஒரு முன்னாள் காவல் அதிகாரி. ஊழல் குற்றத்திற்காகச் சிறை சென்றவர். கறைபடிந்த ஒருவரின் வாய்மொழிதான் பெரிய கறை ஒன்றை வெளிக்கொணர்ந்தது. திரைப்படத்தில் கழுவாய் துப்பாக்கி முனையில் நிகழ்கிறது. வரலாற்றில் அது நீதிமன்றக் கூண்டில் நின்று உண்மையைச் சொல்வதில் தொடங்கியது.

மன்னிப்பின் விலை

புதிய ஆணையம் அடுத்தடுத்துப் பல காவலர்களைக் கைது செய்தது. ஏறத்தாழ ஒவ்வொரு காவலருக்கும் அச்சம் பிறந்தது. பேருந்தில் ஏறியவர்கள் மட்டுமல்லாமல், பக்கத்தில் ஓடியவர்களும் அஞ்சினார்கள். 1977 அக்டோபர் 28ஆம் நாள் ஆயிரக்கணக்கான காவலர்கள் திரண்டார்கள். அவர்களுள் ஒரு கூட்டத்தினர் ஆணையத்தின் அலுவலகத்திற்குள் புகுந்து ஊழியர்களைத் தாக்கினார்கள். சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே சட்டத்தின் கதவை உடைத்தார்கள்!

நவம்பர் 5ஆம் நாள் ஆளுநர் ஒரு பொது மன்னிப்பை அறிவித்தார். 1977 ஜனவரி முதல் நாளுக்கு முன் நடந்த ஊழல்கள், ஏற்கனவே விசாரணைக்கு உட்பட்டவை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, இனி விசாரிக்கப்பட மாட்டா என்பதே அதன் சாரம். அதே சமயம், கட்டளைக்குப் பணியாத காவலரை உடனே பணிநீக்கும் சட்டமும் விரைந்து நிறைவேற்றப்பட்டது. மறு ஆண்டில் 100க்கும் மேற்பட்ட அலுவலர்கள் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார்கள்.

இது நீதியா? காசு கொடுக்க முடியாமல் துன்புற்ற ஏழைகளின் பார்வையில் நிச்சயமாக இல்லை. அவர்களிடமிருந்து பறித்த பணத்துடன் பலர் நிம்மதியாக ஓய்வு பெற்றார்கள். ஆயினும், அந்தக் கோடு ஆயிரக்கணக்கான காவலர்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னது: "நேற்றைய கணக்கு முடிந்தது. நாளை முதல் நேர்மையாக வாழலாம். வாழ்ந்தே ஆக வேண்டும்." அதன் பின்னர் ஹாங்காங் காவல் துறை ஆசியாவின் நேர்மையான காவல் துறைகளுள் ஒன்றாக மாறியதை மறுக்க இயலாது. மன்னிப்பு மட்டும் இருந்திருந்தால் ஊழல் திரும்பியிருக்கும். தண்டனை மட்டும் இருந்திருந்தால் துறையே சிதறியிருக்கும்.

திரைக்கு வந்த காவலர்

இக்காலத்திலேயே ஆணையம் தன் பணிகளைத் தொலைக்காட்சி நாடகங்களாக்கி மக்களிடம் கொண்டு சென்றது. பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநர் ஆன் ஹுய், 1970களின் பிற்பகுதியில் அத்தகைய ஆறு நாடகங்களை இயக்கினார். அவற்றுள் இரண்டு, மிகவும் கூர்மையாக இருந்ததால் அப்போது ஒளிபரப்பப்படவில்லை.

பின்னர் களைத்த காவலர் திரைப்படத்தின் நாயகரானார். 1987இல் ரிங்கோ லாம் இயக்கிய 'சிட்டி ஆன் ஃபயர்' படத்தில், கொள்ளையருக்குள் ஊடுருவும் காவலராகச் சோவ் யுன் ஃபாட் நடித்தார். 1992இல் ஜான் வூவின் 'ஹார்ட் பாயில்ட்' வந்தது. 2002இல் ஆண்ட்ரூ லாவ், அலன் மாக் இருவரும் இயக்கிய 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' வந்தபோது இக்கதை அதன் ஆழத்தைத் தொட்டது.

அப்படத்தில் டோனி லியுங், குண்டர் கும்பலில் பல்லாண்டுகள் ஒளிந்து வாழும் காவலர். தூக்கமிழந்து, மனநல மருத்துவரின் இருக்கையில் மட்டுமே கண்ணயர முடிகிற மனிதர். ஆண்டி லாவ், கும்பல் காவல் துறைக்குள் நட்டு வைத்த ஆள். ஒருவர் தம் பெயரைத் திரும்பப் பெற விரும்புகிறார். மற்றவர் உண்மையிலேயே நல்லவராகிவிட விரும்புகிறார். மொட்டை மாடியில் இருவரும் சந்திக்கும்போது, தனக்கொரு வாய்ப்புத் தரும்படி ஆண்டி லாவ் கேட்கிறார். அதை நீதிபதியிடம் போய்ச் சொல் என்று பதில் வருகிறது. படத்தின் சீனப் பெயர், இடைவிடாத துன்பத்தைத் தரும் பௌத்த நரகமாகிய அவீசியைக் குறிப்பது.

முடிவுதான் மிகவும் சிந்திக்கத்தக்கது. ஹாங்காங் பதிப்பில் குற்றவாளி சிக்காமல் தப்புகிறான். ஆனால் குற்றவுணர்ச்சியே அவனுக்கு நரகமாகிறது. சீனப் பெருநிலத்திற்காக எடுக்கப்பட்ட மாற்று முடிவில் அவன் கைது செய்யப்படுகிறான். இக்கதையைத் தழுவி அமெரிக்காவில் மார்ட்டின் ஸ்கோர்செசி 2006இல் எடுத்து, சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதும் பெற்ற 'தி டிபார்ட்டட்' படத்தில் அவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். மனசாட்சி, சட்டம், துப்பாக்கி என ஒரே கேள்விக்கு மூன்று விடைகள்! மூன்றிலும் அவன் நல்லவனாகத் திரும்பி வர வழி மட்டும் இல்லை.

நம் வகுப்பறைக்கு

அந்த வழியை 1977இல் ஒரு சமுதாயம், மனக்கசப்போடுதான் என்றாலும், திறந்து வைத்தது. ஹாங்காங் ஆணையம் தொடக்கத்திலிருந்தே மூன்று கிளைகளைக் கொண்டது: புலனாய்வு, தடுப்பு, கல்வி. குற்றவாளியைப் பிடிப்பதோடு பணி முடிவதில்லை, பள்ளிப்பிள்ளையின் மனத்திலும் வேலை இருக்கிறது என்று அது உணர்ந்திருந்தது.

எங்கள் வகுப்பறைகளிலும் சிறிய அளவில் இதே கேள்வி எழுகிறது. வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிய மாணவன், நண்பனின் காசை எடுத்துவிட்ட மாணவி. ஒருமுறை பெயர் கெட்டுவிட்டால் ஆறாம் ஆண்டு வரை அந்தப் பெயரே ஒட்டிக்கொள்கிறது. "நீதானே அன்று செய்தவன்?" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளைக்கு நல்லவனாவதில் என்ன பயன்? அதற்காகக் கண்டும் காணாமல் விட்டுவிடுவதும் தீர்வாகாது. எடுத்த காசைத் திருப்பிக் கொடுக்கச் செய்வோம். உண்மையைத் தன் வாயால் சொல்லச் செய்வோம். அதன் பிறகு ஒரு கோடு கிழித்து, அந்தக் கணக்கை உண்மையாகவே முடிப்போம்.

அடுத்த முறை பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு காவலர் படம் பார்க்க நேர்ந்தால், சண்டைக் காட்சி முடிந்த பின் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இவர் சாகாமல் திருந்தி வாழ வேண்டுமென்றால், மற்றவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?"

அவர்களின் விடை நம்மையும் சிந்திக்க வைக்கும்.