கொலைகளைக் கணக்கெடுத்த பேராசிரியர்

ஜெர்மனியின் மக்களாட்சி 1933இல் வீழ்ந்தது என்று நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். அதன் வேர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே அரிக்கப்பட்டுவிட்டன. அரித்தது துப்பாக்கி மட்டுமன்று, நீதிமன்றமும்தான் என்பதே நம் கருத்து.

முதல் உலகப் போருக்குப் பின் அங்கே அரசியல் கொலைகள் மலிந்தன. போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்ட எர்ஸ்பெர்கர் 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஜூன் 24 அன்று, யூதரான வெளியுறவு அமைச்சர் வால்டர் ராதெனாவ் பெர்லினில் காரில் செல்கையில் சுடப்பட்டு மாண்டார்.

எமில் கும்பெல் என்னும் கணித அறிஞர் இக்கொலைகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து 1922இல் நூலாக வெளியிட்டார். வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. அவற்றுள் 326 தண்டனையின்றிப் போயின. இடதுசாரிகள் செய்தவை 22. தண்டனையின்றிப் போனவை 4 மட்டுமே. சட்டம் ஒன்றுதான், தராசு இரண்டு! கும்பெலோ 1932இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையையே இழந்தார்.

1923 நவம்பரில் மியூனிக்கில் ஆட்சியைக் கவிழ்க்க ஹிட்லர் முயன்றபோது காவலர் நால்வர் உயிரிழந்தனர். அவருக்கு விதிக்கப்பட்டது ஐந்தாண்டுச் சிறை. 1924 டிசம்பரிலேயே வெளியே வந்துவிட்டார்.

1932 ஆகஸ்டில் பொடெம்பா என்ற சிற்றூரில் ஹிட்லரின் படையினர் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண்முன்னே அடித்துக் கொன்றனர். ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஹிட்லர் அவர்களுக்கு ஆதரவாகத் தந்தி அனுப்பினார். அன்றைய அரசு தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. ஹிட்லர் ஆட்சியேறியதும், 1933 மார்ச்சில், ஐவரும் விடுவிக்கப்பட்டனர்.