ஸ்நார்க்கெலிங் செய்ய எந்தத் தீவு? கொச்சியிலிருந்து லட்சத்தீவு செல்வோர் அறிய வேண்டியவை

கொச்சி: மட்டாஞ்சேரி கொச்சங்காடிக்கு அருகிலேயே கடல் இருந்தாலும், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்தும் ஸ்நார்க்கெலிங்கிற்கு அது ஏற்றதன்று. ஆறுகளும் காயலும் கொண்டுவரும் வண்டலால் அங்கு நீர் கலங்கியே காணப்படும். பவளப்பாறைகளைக் காண விரும்புவோர், கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லட்சத்தீவுக்குச் செல்கின்றனர்.

தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளத்திட்டுகள் பேரலைகளைத் தடுப்பதால், அவற்றின் உட்புறக் கடல் ஆழமின்றி அமைதியாக இருக்கும். புதிதாகப் பழகுவோர் இத்தகைய பகுதியையே தேர்ந்தெடுப்பது நல்லது.

அகத்தியில் மட்டுமே விமான நிலையம் உள்ளது. அருகிலுள்ள பங்காரத்துக்கு அங்கிருந்து படகில் செல்லலாம். கட்மத், கவரத்தி, மினிக்காய் தீவுகளுக்குக் கொச்சியிலிருந்து கப்பல்கள் இயக்கப்படுகின்றன. பயணத்துக்கு முன்னரே நுழைவு அனுமதி பெறுவது கட்டாயம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்க்க வேண்டும்.

கடல் வெப்பம் உயர்ந்ததால் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்குள்ள பவளங்கள் வெளிறின. உயிருள்ள பவளத்தின் மீது நிற்பதும், அதனை உடைத்து எடுப்பதும் மேலும் சேதம் விளைவிக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பவளங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. தீவு மக்களுக்கோ, அவையே கடலரிப்பைத் தடுக்கும் இயற்கை அரண்.