கிளுவையா, நீலச்சிறகியா? ஓசூர் ஏரிகளில் வாத்துக் கணக்கு தப்புவது எப்படி?

கெலவரப்பள்ளி அணை என்றாலே நுரைதான் ஞாபகத்துக்கு வரும். பெங்களூரு பக்கமிருந்து கழிவையும் சுமந்து வரும் தென்பெண்ணை, தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் சந்திக்கும் முதல் அணை இது. ஆனா குளிர்காலத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார நீர்நிலைகளைத் தேடி வடக்கிலிருந்து வாத்துகளும் வருகின்றன. அவற்றை எண்ணுவதில்தான் ஒரு சிக்கல்.

யார் யார்?

கிளுவை (காமன் டீல்), நீலச்சிறகி (கார்கனி). இரண்டுமே சின்ன வாத்துகள், சுமார் 35 முதல் 40 செ.மீ. நீளம். முழு வண்ணத்தில் இருக்கும் ஆண்களைப் பிரிப்பது சுலபம். கிளுவைக்குச் செம்பழுப்புத் தலை, கண்ணைச் சுற்றிப் பச்சை. நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் பளிச்சென்று இருக்கும்.

பெண்கள் இரண்டும் பழுப்புப் புள்ளி போட்ட ஒரே மாதிரி உடுப்பு. போதாததற்கு, இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்களும் சிறகு உதிர்த்துப் பெண் மாதிரியே மாறிவிடும். நீலச்சிறகி ஆண்கள் பல ஜனவரியில்கூட அந்தக் கோலத்தில்தான் இருக்கும்.

அப்போ எதைப் பார்ப்பது? முகத்தை. பெண் நீலச்சிறகிக்கு முகத்தில் கோடுகள் அழுத்தமாக இருக்கும், அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வெளிர் புள்ளி, அலகும் கொஞ்சம் நீளம். பெண் கிளுவையின் முகம் மங்கல். வாலடியில் பக்கவாட்டில் வெளிர் கோடு தெரியும். இறக்கை விரித்தால் பச்சைப் பட்டை மின்னும்.

கண் எப்படி ஏமாற்றுகிறது?

கூட்டத்தில் வெள்ளைப் புருவத்தோடு ஓர் ஆண் கண்ணில் படும். உடனே பக்கத்தில் தூங்கும் இருபது பழுப்பு வாத்துக்கும் 'நீலச்சிறகி' என்று எழுதிவிடுவோம். தென்னிந்தியாவில் நீலச்சிறகிதான் அதிகம் என்று படித்திருப்பதும் கையைத் தள்ளும். முகம் பார்க்காமலே மனசு முடிவு பண்ணிடும்.

இ-பேர்ட் தளத்தில் அபூர்வமான பெயரைப் போட்டால் சரிபார்ப்பவர்கள் ஆதாரம் கேட்பார்கள். வழக்கமான பெயரைத் தப்பாகப் போட்டால்? பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அது அப்படியே பதிவில் நின்றுவிடும்.

எங்கே, எப்போது போகிறோம் என்பதும் பதிவைச் சாய்க்கும். ஞாயிறு காலை, காரை நிறுத்த வசதியான கரை. அங்கிருந்தே பட்டியல்கள் குவியும். சிப்காட் ஷிஃப்ட் முடிந்து போகிற வழியில் இருக்கும் குட்டி ஏரியை யார் எண்ணுவார்?

இதில் என்ன போச்சு?

'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் சுமார் 3 கோடி பதிவுகளை வைத்துத் தயாரானது. ஒரு பறவையின் பெயர் எத்தனை சதவீதப் பட்டியல்களில் வருகிறது என்பதே அதன் அடிப்படை அளவுகோல். கவலைப்படும் அளவுக்குக் குறைந்துவரும் பொதுவான பறவைகளில் கிளுவையையும் அது சொல்கிறது. நாம் பெயர் மாற்றி எழுதும் ஒவ்வொரு கிளுவையும் இந்தக் கணக்கைத் தொடுகிறது.

சரியாகத் தெரியலையா? இ-பேர்ட் செயலியில் இனம் சொல்லாமல் 'வாத்து' என்று மட்டும் பதிய வழி இருக்கிறது. தைரியமாகப் போடுங்க, அதுவும் முறையான பதிவுதான். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குக் குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தைக் கவனித்தால் போதும். ஆனா அது ஜனவரி. நீலச்சிறகி ஆண்கள் பல இன்னும் பழுப்பு உடுப்பில்தான் இருக்கும்.