பிரீ-எக்லாம்சியாவும் மாதவிடாய் நின்றபின் வரும் ஆண்டுகளும்

கர்ப்பத்தின் இருபதாவது வாரம் தாண்டியபின், அதுவரை சரியாக இருந்த ரத்த அழுத்தம் 140/90 அளவை எட்டி, கூடவே சிறுநீரில் புரதம் வெளியேறத் தொடங்கினால் அது பிரீ-எக்லாம்சியா. புரதம் இல்லாமல் கல்லீரலோ சிறுநீரகமோ மூளையோ பாதிக்கப்பட்டாலும், ரத்தத் தட்டணுக்கள் குறைந்தாலும் அதே நோய்தான். தமிழ்க் கலைச்சொல்லாக முன்சூல்வலிப்பு என்று எழுதுகிறார்கள். வீடுகளில் ‘மாசமா இருக்கறப்போ பிரஷர் ஏறிடுச்சு’, ‘உப்புநீர் இறங்கிடுச்சு’ என்பார்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும்; பழைய தலைமுறை பிரசவ ஜன்னி என்று அஞ்சியது அதைத்தான். உலகில் நூறு கர்ப்பங்களில் 3 முதல் 8 வரை இந்த நோய்க்கு ஆளாகின்றன. ஆண்டுதோறும் சுமார் 46,000 தாய்மார்கள் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் நோய் தீர்ந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பெரும்பாலும் சில வாரங்களில் அழுத்தம் இறங்கிவிடுவதால் அந்த நம்பிக்கைக்கு இடமும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்களை இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது.

அப்படித் தேடியவர்களில் முன்னோடி அமெரிக்காவின் லியோன் செஸ்லி. நியூ ஜெர்சியின் மார்கரெட் ஹேக் மகப்பேறு மருத்துவமனையில் 1931 முதல் 1951 வரை எக்லாம்சியா வலிப்பு வந்து பிழைத்த பெண்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து 1976இல் முடிவுகளை வெளியிட்டார். அந்தப் பெண்களிடம் சர்க்கரை நோய் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று அப்போதே அவர் குறித்திருக்கிறார். முதல் பிரசவத்தில் வந்த வலிப்பு பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பைக் கொண்டுவருவதில்லை என்ற அவருடைய இன்னொரு முடிவு பின்னால் நிற்கவில்லை. 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு சுமார் 35 லட்சம் பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் பிரீ-எக்லாம்சியா வந்தவர்கள் 1,98,252 பேர். நோய் வராத பெண்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு 3.7 மடங்கு, மாரடைப்பு வகை இதயநோய் 2.16 மடங்கு, பக்கவாதம் 1.81 மடங்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பத்து லட்சம் பெண்களை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் இரு மடங்கு என்றது. கர்ப்பகாலச் சர்க்கரையும் பிரீ-எக்லாம்சியாவும் ஒரே பெண்ணுக்குச் சேர்ந்து வந்திருந்தால் அது 15 மடங்கைத் தாண்டியது.

இத்தனைக்கும் காரணம் என்ன என்ற கேள்விக்கு முக்கியமான விடை ஒன்றைத் தந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சி. ஆரோக்கியமான கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்குகின்றன. பிரீ-எக்லாம்சியாவில் அந்த வேலை பாதியில் நிற்கிறது. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி, எஸ்-எஃப்எல்டி-1 என்ற புரதத்தைத் தாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கிறது. ரத்தநாளங்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை இந்தப் புரதம் கவ்விப் பிடித்துக்கொள்வதால் உட்சுவர் பழுதாகிறது. பாஸ்டனில் அவருடைய குழு இதை எலிகளுக்குச் செலுத்தியபோது ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சிறுநீரக மாற்றம் மூன்றும் அப்படியே தோன்றின. அந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. நோய் வெளிப்படுவதற்குச் சுமார் ஐந்து வாரங்கள் முன்பே இந்தப் புரதம் ஏறத் தொடங்குகிறது என்பது மறு ஆண்டே தெரிந்தது. இந்த அறிவில் பிறந்த ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023இல் அனுமதி அளித்தது. சென்னையில் படித்த ஒருவர் பெண்களுக்குச் செய்திருக்கும் இந்தச் சேவை தமிழ்நாட்டில் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பழுதான உட்சுவர் பிரசவத்தோடு முழுதாகச் சீராகிவிடுகிறதா, அல்லது கர்ப்பத்துக்கு முன்பே அந்தப் பெண்ணின் உடலில் இருந்த குறையைத்தான் கர்ப்பம் வெளியே காட்டுகிறதா? இரண்டு தரப்பும் வாதிடுகின்றன. நார்வேயில் கர்ப்பத்துக்கு முன்பும் பின்பும் அளவெடுத்த பெண்களின் தரவு இரண்டாம் தரப்புக்கு வலு சேர்த்தது: பிற்கால ஆபத்தின் கணிசமான பகுதி, முன்பே கூடுதலாக இருந்த எடையிலும் அழுத்தத்திலும் அடங்கியிருந்தது. மருத்துவரைப் பார்க்கும் பெண்ணுக்கு இந்த வாதத்தால் பெரிய வேறுபாடு இல்லை. எந்தத் தரப்பு சரியானாலும், இருபத்தைந்து வயதில் வந்த பிரீ-எக்லாம்சியா ஐம்பது வயதுக்கான எச்சரிக்கை.

ஐம்பதை ஒட்டிய வயது ஏன் முக்கியம்? சினைப்பைகள் ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது, இன்சுலினுக்கு உடல் முன்போல் கட்டுப்படுவதில்லை, தமனிகள் விறைக்கின்றன. ஏற்கெனவே அடிபட்ட ரத்தநாளங்கள் உள்ளவருக்கு இது இரட்டைச் சுமை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை நெருக்கமாகக் காட்டுகிறது. பிரீ-எக்லாம்சியா வந்து முப்பது ஆண்டுகள் கடந்த 40 பெண்களையும், வராத 40 பெண்களையும் சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். அறுபதை நெருங்கிய வயது. முதல் குழுவில் 60 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு, இரண்டாம் குழுவில் 20 சதவீதம். உடல் எடைக் குறியீட்டின் நடு அளவு முதல் குழுவில் 29.8, மற்றதில் 25.3. இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருந்ததும் முதல் குழுவில்தான் அதிகம். சிறிய ஆய்வுதான், ஆனால் நெஞ்சுவலி வருவதற்கு முன்பே படத்தில் தெரிந்த மாற்றம் அது. 2018இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் கொலஸ்ட்ரால் வழிகாட்டியைத் திருத்தியபோது, ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் பிரீ-எக்லாம்சியாவையும் நாற்பதுக்கு முன் மாதவிடாய் நின்றுபோவதையும் சேர்த்தன.

இந்தியப் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பதே சராசரியாக 46, 47 வயதில். மேலை நாடுகளில் 51. மாதவிடாய் நின்றபின் இங்கே கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஆண்டுகள் சும்மா வருவதில்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை தலைமையேற்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வு, 2023இல் நாட்டின் நிலையைச் சொன்னது: சர்க்கரை நோய் 11.4 சதவீதம், ரத்தக்கொதிப்பு 35.5 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். இந்த மண்ணில் பிரீ-எக்லாம்சியாவின் பின்விளைவை மேயோ கிளினிக்கின் கணக்கை வைத்து அளக்க முடியாது. இந்தியப் பெண்களையே தொடர்ந்து பார்க்கும் ஆய்வு வேண்டும்.

அதற்கான விதை டெல்லி லோதி ரோட்டில் இருக்கிறது. சி.ஜி.ஓ. வளாகத்தின் அரசு அலுவலகங்களுக்கு நடுவே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை இயங்குகிறது. இந்தத் துறையின் நிதியில், ஃபரிதாபாத்தின் டி.எச்.எஸ்.டி.ஐ. நிறுவனம் 2015இல் கர்ப்-இனி என்ற தொடர் ஆய்வைத் தொடங்கியது. குருகிராம் சிவில் மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளை இருபது வாரத்துக்கு முன்பே சேர்த்து, ஸ்கேன் படங்கள், ரத்த மாதிரிகள், மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும் பாதுகாக்கிறார்கள். முதன்மை நோக்கம் குறைப்பிரசவத்தை அறிவது. பிரீ-எக்லாம்சியா முற்றினால் குழந்தையை முன்கூட்டியே எடுப்பதைத் தவிர வழியில்லை என்பதால், அந்த நோக்கத்துக்குள் இந்த நோயும் வந்துவிடுகிறது. சுமார் 12,000 தாய் சேய் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் கர்ப்-இனி த்ருஷ்டி தளம் 2024இல் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் பங்காளி. கருவின் வயதைக் கணிக்க இந்தியப் பெண்களின் ஸ்கேன்களிலிருந்தே ஒரு சூத்திரத்தை உருவாக்கி, மேலைச் சூத்திரங்களைவிட அது துல்லியமானது என்று காட்டினார்கள்.

2015இல் 24 வயதில் இந்த ஆய்வில் சேர்ந்த பெண் 46 வயதை எட்டுவது 2037இல். அதுவரை அவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். முடியாது என்று சொல்ல டெல்லிக்குக் காரணம் இல்லை. 1969 முதல் 1972 வரை தெற்கு டெல்லியில் பிறந்த 8,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை மருத்துவர் சாந்தி கோஷ் தொடங்கிய புதுடெல்லி பிறப்புத் தொடராய்வு பின்தொடர்ந்தது. அவர்களில் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் மீண்டும் கண்டுபிடித்து, குழந்தைப்பருவ எடைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை 2004இல் உலகுக்குச் சொன்னது. வீடு மாறியவர்களையும் ஊர் மாறியவர்களையும் தேடிப்பிடிக்கும் அந்தப் பொறுமையைத் தாய்மார்களுக்கும் காட்ட வேண்டும்.

தடுப்பில் இந்தியாவின் பங்கு சிறியதில்லை. 33 நாடுகளில் 10,141 பெண்களிடம் நடந்த 2002ஆம் ஆண்டின் மேக்பை ஆய்வு, மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கும் என்று நிறுவியது. இந்தியாவும் அதில் பங்கேற்றது. 2024இல் வெளியான பெங்களூர் ஆய்வு 11,000 கர்ப்பிணிகளிடம், நாளுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் 1,500 மில்லிகிராமுக்கு ஈடாகக் காக்கிறது என்று காட்டியது. மூன்று வேளை மாத்திரை ஒரு வேளையாகிறது. விழுங்கும் பெண்ணுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கண்டுபிடிப்பது இன்னும் எளிது. சோதனைக்குழாயில் முக்கால் அளவு சிறுநீர் எடுத்து மேல்பகுதியை மட்டும் சுடரில் காட்டுவார் கிராம சுகாதாரச் செவிலியர். வெண்மையாகக் கலங்கினால் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவார். கலங்கல் கரைந்தால் பாஸ்பேட் உப்பு, கரையாமல் நின்றால் புரதம். இப்போது பல இடங்களில் மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் பட்டைக் குச்சி அந்த வேலையைச் செய்கிறது. முடிவைத் தாய் சேய் அட்டையில் எழுதுவார்கள். தடுப்பூசிகள் முடிந்ததும் அந்த அட்டை வீட்டில் எங்கோ போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அந்தப் படிவத்தில் ‘கர்ப்பத்தில் பிரஷர் இருந்ததா?’ என்ற ஒரே ஒரு கேள்வி கட்டாயம் இடம்பெற வேண்டும்.

அரசு கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ மாமியாரிடமோ இன்றே கேளுங்கள். ஆம் என்றால் ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் நடையும் உணவும் மாற வேண்டும். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும், பிரசவத்தில் வந்த அந்தப் பிரஷரைப் பற்றி அவர் கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள்.