புனா ஒப்பந்தம்: இருவர் உடன்படிக்கை என்னும் கற்பிதம்

புனே நகரின் வடபகுதியில் உள்ள விஷ்ராந்த்வாடிக்குத் தெற்கே, சில கிலோமீட்டர் தொலைவில் எரவாடா மத்திய சிறை இருக்கிறது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி அளிப்பதை எதிர்த்து, 1932 செப்டம்பர் 20ஆம் நாள் நண்பகலில் காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கியது அங்கேதான். சிறை வளாகத்து மாமரத்தடியில் நடந்த பேச்சுவார்த்தைகளின் முடிவில், செப்டம்பர் 24 மாலை புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த நிகழ்ச்சி ஆகா கான் மாளிகையில் நடந்ததாக எண்ணுவோர் உண்டு. அந்த மாளிகையில் காந்தி காவலில் இருந்தது பத்தாண்டு கழித்து, 1942 முதல் 1944 வரை. இடத்தைப் பற்றிய பிழையைத் திருத்துவது எளிது. ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி நிலவும் பிழைகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை இன்றைய அரசியல் வாதங்களுக்கு அடித்தளமாகிவிட்டன.

இரண்டு கதைகள் நம்மிடையே வழங்குகின்றன. காந்தியின் தியாகம் இந்து சமூகத்தைப் பிளவிலிருந்து காத்தது என்பது ஒன்று. அம்பேத்கர் பெற்றதையெல்லாம் காந்தி பறித்துக்கொண்டார் என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரண்டும் ஓர் இடத்தில் ஒத்துப்போகின்றன: ஒப்பந்தம் காந்திக்கும் அம்பேத்கருக்கும் இடையில் மட்டும் நடந்தது என்று இரண்டுமே கொள்கின்றன. இந்தப் பொது அடிப்படை தவறானது என்பதும், அதனால்தான் ஒப்பந்தத்தில் உண்மையில் எது கைமாறியது என்பது நம் கண்ணில் படாமல் போயிற்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கையெழுத்துகள். ஒப்பந்தத்தில் காந்தியின் கையெழுத்து இல்லை. அவர் மகன் தேவதாஸ் காந்தியின் கையெழுத்து இருக்கிறது. சாதி இந்துக்கள் தரப்பில் மதன் மோகன் மாளவியாவும், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் தரப்பில் அம்பேத்கரும் முதன்மையாக ஒப்பமிட்டனர். தேஜ் பகதூர் சாப்ரு, ஜெயகர், ராஜேந்திர பிரசாத், ஜி. டி. பிர்லா ஆகியோரின் பெயர்களோடு, புகழ்பெற்ற கிரிக்கெட் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவின் பெயரும் அதில் உண்டு. தமிழர் மூவர் முதல் வரிசையில் நிற்கின்றனர்: இராஜாஜி, எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன்.

இவர்களுள் பின்னிருவரும் புனாவுக்கு வந்து சேர்ந்த வழிகள் வேறு வேறு. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரின் தோழராக அமர்ந்தவர். 1931 நவம்பரில் தனி வாக்காளர் தொகுதி (தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேரும் தொகுதி) கேட்டு அளிக்கப்பட்ட கோரிக்கை மனுவில் அம்பேத்கரோடு சேர்ந்து ஒப்பமிட்டவர். எம். சி. ராஜாவும் முன்பு தனி வாக்காளர் தொகுதியை ஆதரித்தவர்தான். ஆனால் 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு, இடஒதுக்கீட்டோடு கூடிய, எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதிக்கு அவர் மாறிவிட்டார். ஆக, உண்ணாநோன்பு தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே தாழ்த்தப்பட்டோர் தலைமைக்குள் இந்தக் கேள்வி விவாதத்தில் இருந்தது. அந்த விவாதத்தின் ஒரு முனை சென்னை. இதை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு தமிழகத்து ஆதிதிராவிடத் தலைவர்களைப் பார்வையாளர்களாக்கிவிடுகிறது. அவர்கள் பார்வையாளர்கள் அல்லர். ஆளுக்கொரு நிலைப்பாட்டோடு வந்த பங்காளிகள்.

அடுத்து, காந்தியின் நோன்புக்குக் காரணமான, 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு. அது தாழ்த்தப்பட்டோரை நிரந்தரமாகப் பிரித்துவைக்கும் ஏற்பாடு என்று இன்றும் எழுதுகிறார்கள். தீர்ப்பின் வாசகம் அப்படிச் சொல்லவில்லை. சிறப்புத் தொகுதிகளுக்கு அதிகபட்சம் இருபது ஆண்டு ஆயுள் என்று அதுவே வரையறுத்தது. வாக்குரிமை பெற்ற தாழ்த்தப்பட்டவர் பொதுத் தொகுதியிலும் ஒரு வாக்கு அளிக்கலாம், சிறப்புத் தொகுதியிலும் ஒரு வாக்கு அளிக்கலாம். இதுவே இரட்டை வாக்குரிமை. இதன் பயனை மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. பொதுத் தொகுதியில் நிற்கும் சாதி இந்து வேட்பாளரும் சேரிக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டும். அதே நேரத்தில் சேரி தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்துகொள்ளும். பிரித்துவைப்பது என்பதைவிட, இரு பக்கமும் கதவு வைப்பது என்பதே இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தும்.

புனா ஒப்பந்தம் இடங்களைக் குறைத்துவிட்டது என்ற கூற்றும் தவறு. தீர்ப்பு மாகாண சட்டமன்றங்களில் அளித்தவை மொத்தம் 71 இடங்கள். ஒப்பந்தம் அளித்தவை 148. பின்னர் நேர்ந்த திருத்தத்தில் அவை 151 ஆயின. சென்னை மாகாணத்தில் 18 என்பது 30 ஆனது. வங்காளத்தில் 10 என்பது 30 ஆனது. தீர்ப்பில் ஓரிடமும் பெறாத பஞ்சாப் 8 பெற்றது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒப்பந்தம் தாழ்த்தப்பட்டோருக்குப் பேரளவில் சாதகமானது.

கைவிட்டுப் போனது தேர்ந்தெடுக்கும் அதிகாரம். இரண்டாம் வாக்கு மறைந்தது. அதற்கு ஈடாக வந்தது இருகட்டத் தேர்தல். முதற்கட்டத்தில் ஒரு தொகுதியின் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வர் கொண்ட பட்டியலைத் தேர்வார்கள். பிறகு அந்த நால்வருள் ஒருவரைத் தொகுதியின் எல்லாப் பொது வாக்காளர்களும் தேர்வார்கள். பெரும்பாலான தொகுதிகளில் பொது வாக்காளர்களில் மிகுதியானோர் சாதி இந்துக்கள். எனவே தம் மக்களிடம் முதலிடம் பெற்றவர் தோற்று, நான்காம் இடம் பெற்றவர் வெல்ல முடியும். அந்த முதற்கட்டத் தேர்தலுக்கும் பத்தாண்டு ஆயுள்தான். இடங்கள் இரு மடங்குக்கு மேல் பெருகின. அவற்றில் யார் அமர்வது என்பதில் தாழ்த்தப்பட்டோரின் குரல் தேய்ந்தது. ஒப்பந்தத்தில் நடந்த பரிமாற்றம் இதுவே.

1937 தேர்தலில் இதன் விளைவு தெரிந்தது. 151 இடங்களில் காங்கிரஸ் 78ஐ வென்றது. சென்னை மாகாணத்தின் 30 இடங்களில் 26. பழியை முழுக்க ஒப்பந்தத்தின் மேல் போடுவதும் நேர்மையாகாது. அதே ஒப்பந்தத்தின் கீழ் வங்காளத்தில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 6. பஞ்சாபில் ஒன்றுகூட இல்லை. மாகாண அரசியலின் வலிமை ஒப்பந்தத்தோடு சேர்ந்தே முடிவுகளை உருவாக்கியது. சென்னையில் அந்த வலிமை காங்கிரஸிடம் இருந்தது.

அடுத்த ஆண்டே எம். சி. ராஜா இதன் பொருளை நேரில் கண்டார். 1938இல் அவர் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை மாகாணப் பிரதமர் இராஜாஜி எதிர்த்தார், மசோதா தோற்றது. எரவாடாவில் ஒரே தாளில் ஒப்பமிட்ட இருவர் ஆறாண்டுக்குள் எதிரெதிரே நின்றனர். கூட்டுத் தொகுதியை நம்பி வந்த தலைவருக்கே இது நேர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

அம்பேத்கர் முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத்தை வெறுத்தார் என்பதும் ஆவணங்களோடு ஒட்டவில்லை. செப்டம்பர் 25 அன்று பம்பாயில் மாளவியா தலைமையில் நடந்த கூட்டத்தில், தமக்கும் காந்திக்கும் இடையே இவ்வளவு ஒற்றுமை இருந்தது தமக்கு வியப்பளித்தது என்று அவர் பேசினார். 1945இல் வெளியான அவருடைய நூல் அதே ஒப்பந்தத்தைக் கடுமையாகச் சாடுகிறது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளின் அனுபவம், அதிலும் 1937 தேர்தல், இந்த மாற்றத்துக்குப் பெருங்காரணம். இவ்விரு கூற்றுகளில் வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவது வரலாற்று முறை ஆகாது.

வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு புனாவில் பிறந்தது என்ற எண்ணத்துக்கு அதிக விளக்கம் தேவையில்லை. கோலாப்பூரில் ஷாகு மகராஜ் 1902இலேயே அதைக் கொண்டுவந்தார். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைகள் 1920களைச் சேர்ந்தவை. ஒப்பந்தம் அரசுப் பணிகளில் நியாயமான பங்குக்கு முயல வேண்டும் என்றதே தவிர, விழுக்காடு எதையும் குறிக்கவில்லை. தமிழக சட்டமன்றத்தில் இன்று பட்டியல் சாதியினருக்குள்ள 44 தொகுதிகளும் புனா ஏற்பாட்டின் நேர்ப்பிரதி அல்ல. அவற்றில் முதற்கட்டத் தேர்தல் இல்லை. தொகுதியின் எல்லா வாக்காளர்களும் ஒரே கட்டத்தில் வாக்களிக்கிறார்கள். ஒப்பந்தம் தாழ்த்தப்பட்ட வாக்காளருக்கென்று விட்டுவைத்த அந்தச் சிறு தனியுரிமையையும் அரசியலமைப்பு தொடரவில்லை.

புனா ஒப்பந்தத்தின் மூல வாசகம் ஒன்பது சிறு பிரிவுகள் மட்டுமே. அதைப் பற்றி எழுதுவோரும் வகுப்பறையில் கற்பிப்போரும் அந்த ஒன்பதையும், கீழே உள்ள பெயர்களையும் ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.