வாச்சாத்தி: புகார் ஏற்கப்படாத ஓர் ஊரின் வழக்கு

தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி இவ்வூருக்குள் நுழைந்தனர். மக்கள் ஆலமரத்தடியில் கூட்டி அடிக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டனர். பின்னர் அவர்கள் மீதே சந்தன மரக் கடத்தல் வழக்குப் போடப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாகப் பெரும்பாலோர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

குற்றம் நடந்தால் காவல் நிலையத்தில் புகார் தர வேண்டும் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஊருக்குள் வந்தவர்களில் காவலரும் இருந்ததால் இவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டிருந்தது. வருவாய்த்துறையிடமும் போக முடியாது. கோட்டாட்சியரின் அறிக்கையோ, மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே இடித்துக்கொண்டதாகச் சொன்னது. அரசும் குற்றச்சாட்டை மறுத்தது.

ஆகவே புகார் வேறு வழியில் சென்றது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் செய்தியை வெளியே கொண்டுவந்தனர். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அது அவரைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, மக்கள் சொன்னது உண்மையே என்று அறிக்கை தந்தார். வழக்கின் போக்கை மாற்றிய ஆவணம் இதுதான் எனலாம். 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையைச் சிபிஐயிடம் ஒப்படைத்தது.

குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர்: வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. வல்லுறவுக் குற்றத்துக்காக 17 வனத்துறையினருக்கு 7 அல்லது 10 ஆண்டுச் சிறை.

மேல்முறையீடுகளை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே சென்று பார்த்தார். 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டார். குற்றவாளிகளைக் காப்பாற்ற முயன்றதற்காக அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை கோரினார்.

இதற்கிடையே சட்டமும் மாறியது. வல்லுறவுப் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்குச் சிறைத்தண்டனை என்பது 2013இல் வந்தது. கடுங்குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு லலிதா குமாரி வழக்கில் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டப்படி எல்லை ஒரு தடையல்ல. தருமபுரியில் நடந்த குற்றத்தைத் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் வசிக்கும் ஒருவர் தம் பகுதிக் காவல் நிலையத்திலேயே தெரிவிக்கலாம். 1992இல் வாச்சாத்திப் பெண்களுக்கு இவற்றில் எதுவும் கைகொடுக்கவில்லை.